நூல் பக்கத்தில் ஒரு சிறு கட்டம் வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் நாளிதழின் ஞாயிறு நூல் பக்கத்தில் ஒவ்வொரு அறிமுகத்தின் கீழும் தலைப்பு, ஆசிரியர், பதிப்பகம், விலை, கைபேசி எண் ஆகியவை வருகின்றன. வாங்குவது என்று முடிவுசெய்துவிட்டவருக்கு அது போதும். வாரத்துக்கு ஒன்று என்று கணக்கு வைத்துப் படிப்பவருக்கும், கையிலிருக்கும் புத்தகத்தை வைத்தே அடுத்த புத்தகத்தைத் தேடுகிறவருக்கும் போதாது. நூலின் அளவு, எழுத்தின் அளவு, முதலில் வெளிவந்த ஆண்டு, மொழிபெயர்ப்பு என்றால் எந்த மொழியிலிருந்து, பின்னால் பெயரடைவும் (பெயர்களும் அவை வரும் பக்க எண்களும் கொண்ட பட்டியல்) துணைநூற் பட்டியலும் உண்டா இல்லையா: இவ்வளவையும் ஒரு சிறு கட்டத்தில் போட்டால் அந்தப் பக்கத்தின் பயன் இரட்டிப்பாகும். இவை எல்லாம் புத்தகத்தின் முதல் நான்கு பக்கங்களிலும் கடைசிப் பத்துப் பக்கங்களிலும் இருப்பவைதான். மதிப்புரை எழுதுகிறவர் புதிதாகத் தேட வேண்டியது ஒன்றுமில்லை.

பக்க எண்ணிக்கையிலிருந்து தொடங்கலாம். ‘200 பக்கம்’ என்பது தன்னளவில் எதையும் சொல்வதில்லை. தமிழ்ப் புத்தகங்களின் பதிப்பு விவரப் பக்கத்தில் டெமி 1x8, கிரௌன் 1x8, 11 புள்ளி, 18.6 கிலோ என்றெல்லாம் அச்சிட்டிருப்பார்கள். பலரும் அதைப் புரட்டித் தள்ளிவிடுகிறார்கள். டெமி 1x8 என்பது சுமார் 14 செ.மீ. அகலம், 21.5 செ.மீ. உயரம், கிரௌன் 1x8 சுமார் 12-க்கு 18. புள்ளி என்பது எழுத்தின் அளவு, கிலோ என்பது ஒரு ரீம், அதாவது 500 தாளின் எடை. தாள் கனமாக இருந்தால் புத்தகம் தடிக்கும். உள்ளே இருக்கும் சரக்கு அதிகமாகாது.

கணக்குப் போட்டால் வித்தியாசம் தெரியும். வரிக்கு 7 சொல், பக்கத்துக்கு 32 வரி என்றால் ஒரு பக்கத்தில் 224 சொற்கள். பெரிய எழுத்து, தாராளமான ஓரம், அகன்ற வரி இடைவெளி என்று வரிக்கு 5 சொல், 24 வரியாக அச்சிட்டால் 120 தான். இரண்டும் 200 பக்கப் புத்தகங்கள். ஒன்றில் 44,800 சொற்கள், மற்றதில் 24,000. நிமிடத்துக்கு 100 சொல் படிப்பவருக்கு முன்னது ஏழரை மணி நேரம், பின்னது நான்கு மணி நேரம். தினம் ஒரு மணி நேரம் ஒதுக்குகிறவருக்கு ஒன்று ஒரு வாரத்தைத் தாண்டும், இன்னொன்று நான்காம் நாளே முடிந்துவிடும். கவிதைத் தொகுப்புக்கு இந்தக் கணக்கு செல்லாது. மேற்கோள் நிறைந்த ஆய்வு நூலுக்குப் பாதி வேகம் என்று வைத்துக்கொள்ள வேண்டும்.

சொந்த வேகத்தை அளக்க முதல் பத்துப் பக்கங்களை நம்பக் கூடாது. எந்த நூலும் தொடக்கத்தில் மெதுவாகத்தான் நகரும். முப்பதாம் பக்கத்துக்குப் பிறகு பத்துப் பக்கத்தை நேரம் பார்த்துப் படித்தால் கிடைப்பதுதான் அந்தப் புத்தகத்துக்கான வேகம். வாரக் கணக்கு தவறுவது பெரும்பாலும் பெரிய நாவல்களில். காரணம் நீளமல்ல, இடைவெளி. மூன்று நாள் விட்டுப் படித்தால் யார் யாருக்கு மாமன், யார் மைத்துனன் என்பது மறந்து, மறுபடியும் முன்பக்கத்துக்கே போக வேண்டியிருக்கும். முதல் ஐம்பது பக்கத்திலேயே பெயர்களையும் உறவையும் ஒரு துண்டுத்தாளில் எழுதிப் பக்க அடையாளமாகச் செருகி வைத்தால் இது தீரும். சில பதிப்புகளில் பாத்திரப் பட்டியலோ வம்சாவளியோ முன்னால் இருக்கும். இருப்பதைக் கட்டத்தில் சொன்னால் அது விலையைவிடப் பயனுள்ள செய்தி.

தொடர்கதையாக வந்த நாவல்களுக்கு நாளுக்கு இத்தனை பக்கம் என்ற கணக்கைவிட அத்தியாயக் கணக்கே பொருந்தும். வாரா வாரம் ஒரு அளவுக்கு எழுதப்பட்டவை அவை; ஒவ்வொரு அத்தியாயமும் ஒரு கொக்கியில் முடியும், நடுவில் நிறுத்தினால் ருசி கெடும். 1950 முதல் 1954 வரை ‘கல்கி’யில் வந்த ‘பொன்னியின் செல்வன்’ ஐந்து பாகங்களில் முறையே 57, 53, 46, 46, 91 என மொத்தம் 293 அத்தியாயங்கள். நாளுக்கு நான்கு என்றால் 74 நாளில் முடியும். இந்த எண்களுக்கு இன்னொரு பயனும் உண்டு. கல்கியின் எழுத்துகள் 1999-இல் நாட்டுடைமையானபின் யார் வேண்டுமானாலும் அதை அச்சிடலாம் என்றாகி, கடைகளில் பல பதிப்புகள் கிடைக்கின்றன. சுருக்கப் பதிப்புகளும் அவற்றில் கலந்திருக்கின்றன. ஒவ்வொரு பாகத்தின் கடைசி அத்தியாய எண்ணையும் பார்த்தால் முழுப் பதிப்பா என்பது அரை நிமிடத்தில் தெரிந்துவிடும். நாட்டுடைமை எழுத்தாளர்களின் மறுபதிப்பை அறிமுகம் செய்யும்போது எந்தப் பதிப்பை மூலமாக வைத்து அச்சிட்டார்கள் என்று கேட்டு எழுதினால் நல்லது. அதைப் புத்தகத்திலேயே சொல்லியிருக்கும் பதிப்பகங்கள் குறைவு. சொல்லியிருப்பவர்களுக்கு அந்த ஒரு காரணத்துக்காகவே முன்னுரிமை தரலாம்.

அடுத்தது ஆண்டு. நம் புத்தகங்களில் பதிப்பும் அச்சும் ஒன்றாகக் குழம்பிக் கிடக்கின்றன. திருத்தம் எதுவும் செய்யாமல் மறுபடி அச்சிட்டதையும் ‘இரண்டாம் பதிப்பு’ என்றே போடுகிறார்கள். 100, 200 படிகளாகத் தேவைக்கேற்ப அச்சிடும் வசதி வந்தபின் ‘ஐந்தாம் பதிப்பு’ என்பதை வைத்து விற்பனையையும் ஊகிக்க முடியாது, திருத்தம் நடந்ததா என்பதையும் ஊகிக்க முடியாது. உண்மையிலேயே புதிய பதிப்பா என்று அறிய எளிய வழி ‘இரண்டாம் பதிப்பின் முன்னுரை’ என்று தனியாக ஒன்று இருக்கிறதா என்று பார்ப்பது. அது இல்லாமல், பக்க எண்ணிக்கையும் மாறாமல் இருந்தால் மறு அச்சு என்றே கொள்ளலாம். புத்தகத்தின் சர்வதேச அடையாள எண்ணான ஐஎஸ்பிஎன்னும் உதவும். மாற்றமில்லாத மறு அச்சுக்கு எண் மாறாது. திருத்திய பதிப்புக்கும் கெட்டி அட்டைக்கும் மின்னூலுக்கும் தனித்தனி எண் வேண்டும் என்பது விதி. 2007 ஜனவரி முதல் அது 13 இலக்கம். இலக்கங்களை மாறி மாறி 1, 3 ஆகியவற்றால் பெருக்கிக் கூட்டினால் 10-இன் மடங்காக வர வேண்டும். வராவிட்டால் எங்கோ ஓர் எண் தவறு. பக்கம் அச்சுக்குப் போகுமுன் உதவி ஆசிரியர் இதைச் சரிபார்க்க ஒரு நிமிடம்கூட ஆகாது.

சிறுகதைத் தொகுப்புகளில் ஆண்டு இன்னும் முக்கியம். ஒரே எழுத்தாளரின் ஒரே கதை மூன்று தொகுப்புகளில், மூன்று தலைப்புகளின் கீழ் கிடப்பது சாதாரணம். தொகுப்பின் தலைப்பை நம்பி வாங்குகிறவர் ஏமாறுவது இங்கேதான். பொருளடக்கத்தைக் கைபேசியில் படமெடுத்து வைத்துக்கொண்டு ஒப்பிட்டுப் பார்ப்பதைத் தவிர வேறு வழியில்லை. நல்ல பதிப்பு என்றால் ஒவ்வொரு கதையும் முதலில் எந்த இதழில், எப்போது வந்தது என்று பின்னிணைப்பில் இருக்கும். புதுமைப்பித்தன் கதைகளுக்குக் கால வரிசையில் அப்படியொரு செம்பதிப்பு (மூலங்களோடு ஒப்பிட்டுத் திருத்திய பதிப்பு) 2000-இல் வந்தது. அந்தப் பின்னிணைப்பை ஒருமுறை மேலிருந்து கீழே ஓட்டிப் பார்த்தாலே ‘மணிக்கொடி’ முதலிய இதழ்களின் பெயர்கள் கிடைக்கும். அந்த இதழ்களில் உடன் எழுதியவர்கள் யார் என்று தேடினால் ஒரு வருஷத்துக்கான வாசிப்பு தயார். விற்பனைப் பட்டியல்களில் இந்த வழி கிடைக்காது.

மொழிபெயர்ப்பு நூல்களில் தங்கள் பக்கம் மொழிபெயர்ப்பாளர் பெயரையே சில வாரம் விட்டுவிடுகிறது. பெயர் மட்டும் போதாது, எந்த மொழியிலிருந்து என்பதும் வேண்டும். ரஷ்ய நாவலோ வங்க நாவலோ ஆங்கிலம் வழியாகத் தமிழுக்கு வந்திருந்தால் அது குறையல்ல. ஆனால் எந்த ஆங்கிலப் பெயர்ப்பு என்று தெரிய வேண்டும். மூல நூலின் பெயரும் ஆண்டும் பதிப்பு விவரப் பக்கத்தில் இல்லாவிட்டால் அந்த நூலைப் பற்றி மேற்கொண்டு எதையும் தேட முடியாது. தமிழில் சூட்டிய தலைப்பு பல நேரம் மூலத் தலைப்புக்குத் தொடர்பே இல்லாதது. சுருக்கமா முழுமையா என்பதும் பலவற்றில் சொல்லப்படுவதில்லை. மூலத்தில் எத்தனை அத்தியாயம், தமிழில் எத்தனை என்று ஒப்பிட்டால் பெரும்பாலும் விடை தெரியும்.

இனி, அதிகம் சொல்ல வேண்டிய இடம்: புத்தகத்தின் கடைசிப் பக்கங்கள்.

அடுத்த புத்தகத்தை மதிப்புரையில் தேடுகிறவர்களைவிட அடிக்குறிப்பில் தேடுகிறவர்களுக்கு நல்ல புத்தகம் கிடைக்கும் என்பது என் உறுதியான கருத்து. மதிப்புரை எழுதுகிறவர் அந்த வாரம் மேசைக்கு வந்ததைப் பற்றித்தான் எழுத முடியும். அடிக்குறிப்பில் வருவது அந்த நூலாசிரியருக்கு உண்மையிலேயே பயன்பட்ட புத்தகம். செய்ய வேண்டியது இவ்வளவுதான்: படிக்கும்போது எந்த நூல் சுட்டப்பட்டாலும் துண்டுத்தாளில் பெயரையும் பக்க எண்ணையும் குறிக்க வேண்டும். முடித்ததும் எண்ணிப் பார்த்தால், வெவ்வேறு அத்தியாயங்களில் மூன்று முறைக்கு மேல் வந்தது ஒன்றிரண்டுதான் இருக்கும். ஒரே அத்தியாயத்தில் பத்து முறை வந்ததைக் கணக்கில் எடுக்க வேண்டாம். அந்தத் தலைப்புக்கு மட்டும் உதவிய நூல் அது. ஆசிரியர் தன் சொந்த நூல்களைச் சுட்டுவதையும் கழித்துவிடலாம். ஒருவர்க்கொருவர் ஒத்துப்போகாத இரண்டு ஆசிரியர்கள் மூன்றாவது ஒரு நூலை மதித்துச் சுட்டினால் அதைக் கண்ணை மூடிக்கொண்டு எடுக்கலாம். துணைநூற் பட்டியலை மட்டும் பார்ப்பது போதாது. படிக்காத நூலையும் பட்டியலில் சேர்ப்பது சுலபம், அடிக்குறிப்பில் பக்க எண்ணோடு சுட்டுவது சிரமம்.

பெயரடைவு வேறு வகையில் உதவும். நூலகத்தில் நின்றபடியே, ஏற்கெனவே நன்றாகத் தெரிந்த ஒரு பெயரை அடைவில் பார்த்து அந்தப் பக்கத்தைப் படித்தால் ஆசிரியரின் தரம் தெரிந்துவிடும். உ.வே.சாமிநாதையர் 1894-இல் முதலில் பதிப்பித்த புறநானூற்றை எடுத்துப் பார்த்தவர்களுக்கு, பாடினோர் வரலாறும் பாடப்பட்டோர் வரலாறும் அடைவுகளும் வாசகரை எவ்வளவு தூரம் கூட்டிச் செல்லும் என்பது தெரியும். இத்தனை வசதிகள் வந்தபிறகும் 500 பக்க வரலாற்று நூல் அடைவே இல்லாமல் வெளிவருகிறது என்றால் அதை மதிப்புரையில் ஒரு வரியாவது கண்டிக்க வேண்டும்.

அடைவு இருந்தும் பயன்படாமல் போவதற்கு இரண்டு காரணங்கள். ஒன்று, முதல் பதிப்புக்குத் தயாரித்த அடைவை, பக்க அமைப்பு மாறிய அடுத்த பதிப்பிலும் அப்படியே ஒட்டிவிடுவது. முன்பகுதி, நடுப்பகுதி, கடைசிப்பகுதி என்று மூன்று பெயர்களைச் சோதித்தால் போதும், பானைச் சோற்றுக்கு ஒரு சோறு. முன்னால் இரண்டு பக்கம், பின்னால் பதினைந்து பக்கம் என்று வித்தியாசம் வளர்ந்துகொண்டே போனால் இதுதான் நடந்திருக்கிறது. இரண்டாவது காரணம் அகரவரிசை. தமிழ் மரபில் புள்ளி எழுத்து முன்னால் வரும். ஆகவே ‘அக்பர்’ முதலில், ‘அகத்தியர்’ பின்னால். கணினி யூனிகோடு எண் வரிசைப்படி அடுக்கும்போது புள்ளிக் குறி எல்லாவற்றுக்கும் கடைசி. ‘அகத்தியர்’ முன்னால் போய்விடும். மரபில் ‘மரம்’, பிறகு ‘மனம்’. கணினியில் னகரம் நகரத்தை ஒட்டி நிற்பதால் ‘மனம்’ முதலில். ஜ, ஷ, ஸ, ஹ ஆகியவை மரபில் னகரத்துக்கும் பின்னால். கணினியிலோ ஜகரம் சகரத்தை அடுத்து வந்துவிடும். ‘ஜானகிராமன்’ அடைவில் இல்லை என்று முடிவுகட்டுமுன் இரண்டு இடத்திலும் பார்க்க வேண்டும். வரிசையைக் கைபார்த்துத் திருத்தாத பதிப்பகங்கள் அடைவுக்காகச் செலவிட்ட உழைப்பைத் தாங்களே பாழாக்குகின்றன.

நூலகப் பட்டியலில் தேடும்போதும் இதே சிக்கல் வேறு உருவில் வரும். ராமசாமி இராமசாமியாக இருப்பார், லட்சுமணன் இலக்குவனாக இருப்பார், ஜெயகாந்தன் ஜயகாந்தனாக இருப்பார். தலைப்பெழுத்துக்குப் பின் புள்ளி உண்டா, இடைவெளி உண்டா என்பதிலேயே தேடல் தோற்றுவிடும். ஆகவே ஆசிரியர் பெயரைவிட நூல் தலைப்பில் இருக்கும் அரிதான ஒரு சொல்லை மட்டும் இட்டுத் தேடுவது பலன் தரும். அந்தச் சொல்லிலும் சந்தி சேராத முன்பகுதியை மட்டும் இட வேண்டும். புனைபெயரில் எழுதியவர்களுக்கு இயற்பெயரையும் போட்டுப் பார்க்க வேண்டும்: புதுமைப்பித்தனுக்கு சொ. விருத்தாசலம். பொருளுக்கு ஓர் எண் கொடுத்து நூல்களை வகைப்படுத்தும் ட்யூயி முறையில் அடுக்கிய நூலகத்தில் தமிழ் இலக்கியத்தின் எண் 894.811. தேடிப் போன நூல் வெளியே போயிருந்தாலும் அந்த எண்ணில் இடமும் வலமுமாகப் பத்துப் பத்துப் புத்தகத்தைப் புரட்டாமல் திரும்பக் கூடாது.

அச்சில் இல்லாத நூலைப் பற்றித் தங்கள் பக்கத்தில் கட்டுரை வரும்போது ‘தற்போது கிடைப்பதில்லை’ என்று முடித்துவிடுகிறார்கள். கிடைக்கும் இடங்கள் இருக்கின்றன. 1954-ஆம் ஆண்டுச் சட்டப்படி புத்தகப் படிகளைப் பெறும் நூலகங்களில் சென்னை கன்னிமாரா ஒன்று. ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகத்தில் பழைய அச்சு நூல்களும் இதழ்களும் உள்ளன. தமிழ் இணையக் கல்விக் கழகத்தின் மின்னூலகத்தில் ஸ்கேன் செய்த பிரதிகளை வீட்டிலிருந்தே படிக்கலாம். தமிழ் நூல்களை இணையத்தில் ஏற்றும், 1998-இல் தொடங்கிய மதுரைத் திட்டத்தில் படமாக இல்லாமல் தட்டச்சு செய்த எழுத்தாகவே கிடைப்பதால் சொல் தேடலும் முடியும். பதிப்புரிமைக் கணக்கும் எளியது: ஆசிரியர் இறந்த ஆண்டு முடிந்ததிலிருந்து 60 ஆண்டு. 1965-இல் இறந்தவரின் நூல்கள் 2026 ஜனவரி 1 முதல் பொதுவுடைமை. மொழிபெயர்ப்பாளரின் உரிமை தனி, அவர் இறந்த ஆண்டை வைத்து.

பழைய பிரதி வாங்குகிறவர்கள் ஒன்றை மட்டும் பார்த்துவிட்டுப் பணம் கொடுக்கட்டும். பெரும்பாலான புத்தகங்கள் 16 பக்க ஃபாரங்களாக மடித்துச் சேர்க்கப்பட்டவை. பைண்டிங்கில் தவறு நேர்ந்தால் ஒரு ஃபாரம் முழுவதும் விட்டுப்போகும், அல்லது இரண்டு முறை வரும். 16-17, 32-33, 48-49 என்று சேரும் இடங்களில் பக்க எண் தொடர்கிறதா என்று பார்த்தால் முழுப் புத்தகத்தையும் புரட்ட வேண்டியதில்லை. தேவைக்கேற்ப அச்சிட்ட இன்றைய புத்தகங்களில் தாள்கள் தனித்தனியாக ஒட்டப்படுவதால் இந்தச் சோதனை பயன்படாது. அவற்றில் எந்தத் தாளும் விடுபட்டிருக்கலாம், முதுகுப் பசை காய்ந்து உதிரவும் செய்யும்.

கடைசியாக ஒரு குறை. 1977 முதல் நடந்துவரும் சென்னைப் புத்தகக் காட்சியை ஒட்டி டிசம்பர், ஜனவரியில் நூல்கள் குவிகின்றன. தங்கள் பக்கமும் அந்த வாரங்களில் ஒரு நூலுக்கு நாற்பது சொல் என்று சுருங்கிவிடுகிறது. காட்சிக்காக அவசரமாக முடித்த நூல்களில் மெய்ப்புப் பிழை அதிகம், அடைவு கடைசி நேரத்தில் கைவிடப்பட்டிருக்கும், அணிந்துரை மட்டும் மூன்று இருக்கும். (அந்த அணிந்துரைகளில் ஒன்று நாவலின் முடிவைச் சொல்லிவிடும். ஆசிரியரின் என்னுரையை முதலிலும் அணிந்துரைகளைக் கடைசியிலும் படிப்பதே பாதுகாப்பு.) ஜனவரியில் வந்ததை ஜனவரியிலேயே எழுதித் தீர்க்க வேண்டும் என்று எந்தக் கட்டாயமும் இல்லை. ஏப்ரல் முதல் செப்டம்பர் வரை புது நூல் வரத்து குறையும் வாரங்களில் அவற்றில் நின்று நிலைத்தவற்றை எடுத்து, 800 சொல்லில், முழுக்கப் படித்தவர் ஒருவரை எழுதச் சொல்லலாம். அடைவைச் சோதித்தேன், மூலத்தோடு ஒப்பிட்டேன் என்று அவர் ஒரு வரி சேர்த்தால் இன்னும் நம்பிக்கை வரும்.

கட்டத்துக்கு இடமில்லை என்று சொல்ல வேண்டாம். அட்டைப் படத்தை ஒரு செ.மீ. குறைத்தால் மூன்று வரி கிடைக்கும். இந்த மாதிரியில் இருந்தால் போதும்: ‘டெமி 1x8, 11 புள்ளி, 224 பக்கம். முதல் பதிப்பு 1968. இது மாற்றமில்லாத மறு அச்சு. வங்க மூலத்திலிருந்து நேரடி மொழிபெயர்ப்பு, முழுமையானது. பாத்திரப் பட்டியல் உண்டு, அடைவு இல்லை.’

இப்படிக்கு,
தங்கள் ஞாயிறு நூல் பக்க வாசகர்